ரேங்க்கை எடுத்த வருஷம்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. ஆங், அந்தப் பக்கந்தான். பதினொண்ணாவதுக்கு இனிமே பப்ளிக் பரீட்சை இல்லைன்னு போட்டிருக்குதுங்களா? கண்ணாடியை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க. சரி சரி. அந்தப் பரீட்சையை வெச்சதும் கவர்ன்மென்ட்டுதான், எடுக்கறதும் அவங்கதான். எம்பொண்ணு பதினொண்ணாவது போன வருஷந்தான் அதைக் கொண்டாந்தாங்க. அவ பன்னெண்டாவது போனா, ஆயிரத்து எரநூறு மார்க்கு அறுநூறு ஆயிப்போச்சு. அவ பத்தாவது முடிச்சு வெளிய வந்த பொறவு, பத்தாவதுக்கு ரெண்டு தமிழ்ப் பேப்பரை ஒரே பேப்பரா ஆக்குனாங்க. எம்பொண்ணு எப்ப எந்தப் படியில காலை வைக்கறாளோ, அந்தப் படியைத்தான் இடிச்சுக் கட்டுவாங்க.

அதையெல்லாங்கூட நான் மன்னிச்சுட்டனுங்க. ரேங்க்கை எடுத்தாங்க பாருங்க, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு பஸ்ஸுக் காத்து ஆகாது. எம்பேரு நாச்சிமுத்து. திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் போடற வண்டி மூணு ஓட்டறனுங்க. உங்களுக்கு எத்தனை குழந்தைங்க? ஒரே பையனா? என்ன படிக்கறான்? ஒம்பதாவதா! அப்ப அடுத்த வருஷம் பத்தாவது. அப்ப நீங்க இதைக் கேட்டே ஆகோணும்.

எம்பொண்ணு பேரு நவீனா. ஒரே பொண்ணு. அவ ஒம்பதாவது முடிக்கறப்பவே ஸ்கூல் கரஸ்பாண்டண்ட் என்னைத் தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "நாச்சிமுத்து, உங்க பொண்ணு ஸ்டேட் ரேங்க் மெட்டீரியல்"னு சொன்னாரு. மெட்டீரியல்னா எனக்குத் தெரிஞ்சது போர்க் குழிக்குள்ள எறக்கற கேசிங் பைப்புதான். ஆனா ஸ்டேட் ரேங்க்னா தெரியும். ரிசல்ட் அன்னிக்கு டிவியில காட்டுவாங்கல்ல? பக்கத்துல அப்பா அம்மா நின்னு லட்டு ஊட்டுவாங்க. கலெக்டர் கூப்பிட்டுப் பேசுவாரு. அந்த லட்டைத்தாங்க நான் ஒரு வருஷம் நெனைச்சுட்டு இருந்தேன்.

ஒண்ணு சொல்லிடறேன். நான் அவளை எந்தக் கட்டாயமும் பண்ணலைங்க. படின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. டிவி கேபிளை நான் எடுத்தனா? அந்தக் கேபிள்காரன் வந்தான், நான் வேண்டாம்னேன், அவனா எடுத்துட்டுப் போனான். மிக்ஸி ஓட்டினா சத்தம் வருதுன்னு எங்கூட்டுக்காரி தெய்வானை பக்கத்து ஊட்டுல போயித் தேங்கா அரைச்சுட்டு வருவா. அதுவும் நான் சொன்னதில்லை, மிக்ஸியோட ஒயரை எடுத்து பீரோவுல வெச்சிருந்தேன், அவ்வளவுதான். என் மச்சான் கல்யாணம் மார்ச் மாசம் வெச்சான். பரீட்சை மாசத்துல எவனாவது கல்யாணம் வெப்பானா? போகலை. தெய்வானை ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. காலையில நாலரைக்கு நான் எந்திரிச்சு அவ ரூம் லைட்டைப் போட்டுட்டு வந்து படுத்துக்குவேன். எழுப்ப மாட்டேன். லைட்டு மட்டுந்தான் போடுவேன். மீதி அவ இஷ்டம்.

பரீட்சை முடிஞ்சுதுங்க. நல்லா எழுதியிருக்கேன்னா. அவ நல்லான்னா நல்லாதான். ரிசல்ட்டுக்கு முன்னாடியே நான் எல்லாத்தையும் தயார் பண்ணி வெச்சுட்டேன். அவ டிவியில பேசறதுக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னேன். "எனது வெற்றிக்குக் காரணம் என் பெற்றோர். நான் மருத்துவராகி ஏழை எளிய மக்களுக்கு இலவசமாகச் சேவை செய்வேன்." அவ ஒரு தடவை கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிட்டு, "அப்பா, பெற்றோர்னு வருதே, அம்மாவும் அதுல உண்டா?"ன்னு கேட்டா. விளையாட்டுப் புள்ளைங்க. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடி வைக்கப் பதினாறடிக்கு எட்டடியில ஒரு ஃப்ளெக்ஸ். அவ போட்டோ நடுவுல, என் போட்டோ கீழ் மூலையில, சின்னதா. சின்னதுன்னா ஓரளவுக்கு. "மாநிலத்தில் முதலிடம்"னு அடிச்சு, மார்க்கு போடற எடத்தை மட்டும் வெள்ளையா விடச் சொல்லிட்டேன்.

ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப வந்துதுங்க செய்தி. இந்த வருஷத்துல இருந்து முதலிடம், ரெண்டாமிடம் எதுவும் கிடையாது. ரேங்க் பட்டியலே வெளியிட மாட்டோம். மார்க்கை வெச்சு ஏ, பி, சின்னு எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுவோம். எந்த ஸ்கூலும் புள்ளைங்க போட்டோவைப் போட்டு விளம்பரம் பண்ணக் கூடாது. புள்ளைங்களுக்கு மனசு சங்கடமாகுதாம், தப்பான முடிவுக்குப் போகுதாம். சரிங்க, தோத்தவங்களுக்கு சங்கடந்தான். ஜெயிக்கறவங்க சங்கடத்தை யாரு பாக்கறது?

கரஸ்பாண்டண்ட்டுக்குப் போன் பண்ணுனேன். "கவர்ன்மென்ட் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்"னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. ஃப்ளெக்ஸ் கடைக்காரன், "அண்ணே, துணி அருமையான துணி, மாட்டுத் தொழுவத்துக்கு மேல போடலாம்"ங்கறான்.

எனக்குப் பயமெல்லாம் எம்பொண்ணை நெனைச்சுத்தாங்க. அவகிட்ட எப்படிச் சொல்றது? பேப்பரை ஒளிச்சு வெச்சேன். அவ எடுத்துப் பாத்துட்டா. அன்னிக்கு ராத்திரிச் சோத்துக்கு ஏழு தோசை சாப்பிட்டாளுங்க. ரெண்டு தோசைக்கு மேல போகாத புள்ளை! அதிர்ச்சியில சாப்பிடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், அன்னிக்குத்தான் பாத்தேன். சாப்பிட்டுப் போயிப் படுத்தவ அடுத்த நாள் பதினோரு மணிக்குத்தான் எந்திரிச்சா. எந்திரிச்சதும் பாட்டுப் பாடறா. தெய்வானைகிட்டச் சொன்னேன், "பாத்தியா, புள்ளை ஒடைஞ்சு போயிட்டா." அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு பீரோவைத் திறந்து மிக்ஸி ஒயரை எடுத்துட்டுப் போனா.

ரிசல்ட்டு வந்துதுங்க. போன்ல மெசேஜா வந்துச்சு. அஞ்சு பாடம், ஐநூறுக்கு நானூத்தித் தொண்ணூத்தொம்பது.

ஒண்ணுதாங்க போச்சு. தமிழ்ல. சொந்தக்காரங்க எல்லாம் வந்தாங்க, வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்வி. "ஒரு மார்க்கு எதுல போச்சு?" என் மச்சான், கல்யாணத்துக்கு நாங்க போகலையே, அவன் ஊட்டுக்குள்ள காலை வெக்கறப்பவே, "ஏன் மாமா, அந்த ஒண்ணு?"ங்கறான். நவீனா எல்லாருக்கும், "தமிழ்ல, தமிழ்ல"ன்னு சொல்லிட்டே இருந்தா. மத்தியானத்துக்கு மேல ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா.

அப்பத்தாங்க எனக்கு அந்த யோசனை வந்துச்சு. அரசாங்கம் சொல்லலைன்னா என்ன? முதலிடம்னு ஒருத்தர் இல்லாமயா போயிடுவாங்க? தண்ணி எங்க இருக்குதுன்னு பூமி சொல்றதில்லை. நாமதான் துளை போட்டுக் கண்டுபிடிக்கறோம். என் தொழிலே அதுதானே!

எங்க வண்டிக்கு ஊரு ஊருக்கு ஏஜெண்டு உண்டுங்க. எவன் தோட்டத்துலயாவது கெணறு வத்திப்போச்சுன்னா அவன் ஏஜெண்டுகிட்டச் சொல்லுவான், ஏஜெண்டு எனக்குப் போன் பண்ணுவான், நான் வண்டியை அனுப்புவேன். அவனவனுக்கு அவனவன் ஊருல தெரியாத ஆளே கெடையாது. எல்லாருக்கும் போன் போட்டேன். "உன் பக்கத்து ஸ்கூல்ல எல்லாம் பத்தாவதுல அதிக மார்க்கு யாரு, எவ்வளவு, விசாரிச்சுச் சொல்லு." "எதுக்குண்ணே?"ன்னு கேட்டா, "சொல்லு, சொல்றேன்"னுட்டேன்.

ஆபீஸ் சுவத்துல ஒரு தமிழ்நாட்டு மேப்பு மாட்டியிருக்கும். எந்த ஊருல எத்தனை அடியில தண்ணின்னு பேனாவுல குறிச்சு வெச்சிருப்பேன். அதே மேப்புல சிவப்புப் பேனாவுல மார்க்கைக் குறிச்சேன். தருமபுரி நானூத்தித் தொண்ணூத்தாறு. விழுப்புரம் தொண்ணூத்தேழு. திருநெல்வேலி தொண்ணூத்தெட்டு, அன்னிக்கு எனக்கு ஒரு வாய் சோறு எறங்கலைங்க. பதினோரு நாளு. வண்டி எங்க ஓடுது, எங்க நிக்குது, ஒண்ணும் பாக்கலை. ஒரு பதிமூணு ஊருல போனே எடுக்கலை. மெட்ராஸுல பாதிக்கு மேல யாரையும் கேக்க முடியலை. சரி, அங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க, இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

பன்னெண்டாவது நாள் காதர் கூப்பிட்டான். காதர் முன்னாடி என் வண்டியில டிரைவரா இருந்தவன், இப்ப ராமநாதபுரம் பக்கம் இருக்கான். அந்தப் பக்கம் எனக்கு வேலையே கெடையாது, போட்டா உப்புத் தண்ணிதான். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அவன்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். "மொதலாளி, சாயல்குடி தாண்டிக் கடக்கரையில ஒரு ஊரு. கவர்ன்மென்ட் ஸ்கூல். மீன் பிடிக்கறவங்க ஊட்டுப் பொண்ணு. பேரு சகாய பிரின்சி. நானூத்தித் தொண்ணூத்தொம்பதாம்"ங்கறான். பின்னாடி ஒரே காத்துச் சத்தம். "சரியாச் சொல்லுடா"ங்கறேன். "ஊரே பேசுது மொதலாளி"ங்கறான்.

சமமாப் போச்சுங்க. ரெண்டு பேரு முதலாவதுன்னா அது முதலாவதா? எனக்கு அன்னிக்குத் தூக்கம் போச்சு. அந்தப் புள்ளைக்கு அந்த ஒரு மார்க்கு எதுல போச்சுன்னு தெரிஞ்சுக்கோணும். தமிழ்ல போறதும் கணக்குல போறதும் ஒண்ணாயிடுமா? நேர்ல போயி அந்த மார்க் ஷீட்டைக் கண்ணுல பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். நான் கெளம்பறேன்னதும் தெய்வானை, "புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, ஒரு வருஷமா ஊட்டை விட்டு வெளிய போகலை, கடலாவது பாக்கட்டும்"னா. நவீனாகிட்ட, நல்லாப் படிச்ச ஒரு புள்ளையைப் பாத்து வாழ்த்திட்டு வரலாம்னு மட்டும் சொன்னேன். அவ என்னைப் பாத்து, "அவளும் தொண்ணூத்தொம்பதாப்பா?"ன்னா. கெட்டிக்காரிங்க.

காலையில கெளம்பி மத்தியானம் போய்ச் சேந்தோம். சிமெண்ட் ஷீட்டு போட்ட ஊடு. வாசல்ல ஒரு அம்மா கருவாடு காயப் போட்டுட்டு இருந்தாங்க. பிரின்சியோட அம்மா, பேரு செல்வராணி. நாங்க திருச்செங்கோட்டுல இருந்து வர்றோம், உங்க பொண்ணு நல்ல மார்க்கு எடுத்துதாமா, வாழ்த்தலாம்னு வந்தோம்னேன்.

அந்த அம்மா கையில இருந்த மீனை அப்படியே போட்டுட்டாங்க. "எங்க பிள்ளைய வாழ்த்தவா? அம்புட்டுத் தூரத்துல இருந்தா? வாங்கண்ணே, உள்ள வாங்க. ஏட்டி ஜூலி, பிரின்சிய ஓடிப் போயிக் கூட்டியா!"ன்னு பக்கத்து ஊட்டுக்குக் கொரல் குடுத்தாங்க.

"பொண்ணு எங்கீங்க, டியூசனுக்குப் போயிருக்குதுங்களா?"ன்னேன்.

"எறிபந்து விளையாடப் போயிருக்காண்ணே."

எனக்கு ஒண்ணும் ஓடலைங்க. பதினொண்ணாவது பாடத்தை எல்லாரும் ஏப்ரல்லயே ஆரம்பிச்சுட்டாங்க, இந்தப் புள்ளை பந்து வெளையாடுது. "பரீட்சை சமயத்துல எத்தனை மணிக்கு எந்திரிக்குமுங்க?"ன்னு கேட்டேன். "அவளா? அவங்கப்பா கடலுக்குப் போறப்ப எல்லாரும் எந்திரிப்போம், அவரு போனதும் எல்லாரும் படுத்துருவோம்"னு சிரிக்கறாங்க.

பிரின்சி வந்துது. நல்ல ஒசரம். மூச்சு வாங்க, முட்டியெல்லாம் மண்ணு. நேராப் போயி நவீனா பக்கத்துல உக்காந்துக்குச்சு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துச் சிரிச்சுக்கிச்சுங்க. நான் மெதுவா, "கண்ணு, அந்த மார்க் ஷீட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?"ன்னேன். மாதா படத்துக்குப் பின்னாடி பிளாஸ்டிக் கவருக்குள்ள வெச்சிருந்தாங்க. அந்தப் புள்ளை கையைப் பாவாடையில தொடைச்சுட்டு எடுத்துக் குடுத்துச்சு.

தமிழ் எண்பத்தெட்டு. நான் மறுபடியும் பாத்தேன். ஆமா, எண்பத்தெட்டு. இங்கிலீசு அறுபத்தொண்ணு. கணக்கு எழுபத்திரெண்டு. அறிவியல் எண்பத்தி மூணு. சமூக அறிவியல் தொண்ணூத்தஞ்சு.

மூணு தடவை கூட்டுனனுங்க. முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது.

காதரைத் திட்டக்கூட எனக்குத் தோணலை. மனசுக்குள்ள அப்படி ஒரு ஆட்டம். அப்ப எம்பொண்ணு மட்டுந்தான்! தமிழ்நாட்டுல ஒரே ஒருத்தி! எந்திரிச்சு நின்னு கத்தோணும் போல இருக்குது. செல்வராணியம்மா பக்கத்துல நின்னு, "எங்க ஊர்ல இதுவரைக்கும் ஒரு பிள்ளையும் முன்னூத்தம்பதே தாண்டுனதில்லண்ணே. ஹெச்.எம். சாரே எங்க வீட்டுக்கு வந்து அவங்கப்பா கையப் பிடிச்சு அழுதுட்டாரு"ன்னு சொல்றாங்க. நான் "அப்படிங்களா, அப்படிங்களா"ங்கறேன். காதுல எதுவும் ஏறலை.

அப்பப் பிரின்சி எம்பொண்ணைப் பாத்துக் கேட்டுச்சு, "நீ எம்புட்டு?"

நான் சட்டைக் காலரைச் சரி பண்ணிட்டு உக்காந்தேன். இதுக்காகத்தானே ஒரு வருஷம். டிவி இல்லை, கலெக்டர் இல்லை, லட்டு இல்லை. பரவால்லை, இந்தக் கடக்கரையிலயாவது ஒருத்தர் வாயைப் பொளந்துட்டுக் கேக்கட்டும்.

நவீனா சொன்னா, "நானும் முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது."

குடிச்சுட்டு இருந்த டீ எனக்குப் பொரை ஏறிருச்சுங்க. அந்த அம்மா என் தலையில தட்டறாங்க. இருமிட்டே நான் நவீனாவைப் பாக்கறேன். அவ என்னைப் பாக்கறா. வேண்டாம்பாங்கற மாதிரி ஒரு பார்வை. பதினஞ்சு வருஷத்துல அவ என்னை அப்படிப் பாத்ததே இல்லைங்க. என் வாயில "நானூத்தி"ங்கற வார்த்தை முழுசா நிக்குது. முழுங்கிட்டேன்.

செல்வராணியம்மா ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சுக்கிட்டாங்க. "அடியாத்தி! ஒரே மார்க்கா! அதான் தேடிப் பிடிச்சு வந்திருக்காக. ஜூலி, மேரியக்கா, வந்து பாருங்க, எம்பிள்ளை எடுத்த அதே மார்க்கு எடுத்த பிள்ளை திருச்செங்கோட்டுல இருந்து வந்திருக்கு!"

ஊரே வந்துருச்சுங்க. ஒருத்தரு வந்து என் தோள்ல துண்டு போட்டாரு. ஒரு பெரியவரு என் கையைப் பிடிச்சுட்டு விடவே இல்லை. "பொம்பளப் பிள்ளைய இம்புட்டுப் படிக்க வச்சிருக்கீகளே, நல்லா இருப்பீக"ங்கறாரு. ஒரு அம்மா நவீனா கன்னத்தைக் கிள்ளி முத்தம் குடுக்கறாங்க. மீன் கொழம்பு வெச்சாங்க, வறுத்தாங்க, பிரின்சியோட அப்பா கடல்ல இருந்து வந்து குளிக்கக்கூட இல்லாம எங்கூட உக்காந்து சாப்பிட்டாரு. அத்தனை பேரு வந்தாங்களே, மீதி நூத்தியொண்ணு எதுல போச்சுன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேக்கலைங்க. வெவரம் பத்தாத ஊரு.

சாப்பிட்டுட்டு ரெண்டு புள்ளைங்களும் கடலுக்குப் போனாங்க. நான் படகு நிழல்ல உக்காந்து பாத்துட்டு இருந்தேன். இவ முட்டி வரைக்கும் தண்ணியில நின்னுட்டு, அலை வந்தா கத்திட்டு ஓடியாரா. மறுபடியும் போறா. பிரின்சி என்னமோ சொல்லுது, இவ வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிக்கறா. ஒரு வருஷமா புள்ளை சிரிக்கவே இல்லைன்னு தெய்வானை சொல்லிட்டே இருப்பா. பொய்யிங்க. நடுவுல சிரிச்சிருக்கா, நான் பாத்திருக்கேன். எப்பன்னுதான் சட்டுன்னு சொல்ல வரலை.

திரும்பி வர்றப்பப் பரமக்குடி தாண்டுனதும் கேட்டேன். "ஏங்கண்ணு, நூறு மார்க்கைக் கடல்ல தூக்கிப் போட்டுட்டயே?"

அவ ஜன்னல் பக்கம் பாத்துட்டே, "அந்த மார்க்குக்கு எல்லாரும் எவ்வளவு சந்தோசப்பட்டாங்க பாத்தீங்களாப்பா? எனக்கும் கொஞ்ச நேரம் அது வேணும்னு இருந்துச்சு"ன்னா.

"நானூத்தித் தொண்ணூத்தொம்பதுக்கு நாங்க சந்தோசப்படலையா?"

கேட்டுட்டு நானே கணக்குப் போட்டுப் பாத்தேன், யாரு யாரு சந்தோசப்பட்டாங்கன்னு. ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டுக் கணக்கு போடறது கஷ்டமுங்க, விட்டுட்டேன். "சரி, ஒண்ணு தெரிஞ்சுக்க. நீதான் மாநிலத்துலயே முதல். அப்பா விசாரிச்சுட்டேன்"னேன். "சரிப்பா"ன்னு சொல்லிட்டு அப்படியே தூங்கிட்டா. அன்னிக்கு அவ தூங்குன தூக்கம் முதலாவது வந்தவளோட தூக்கமுங்க, எனக்குத் தெரியாதா?

ஆனா பாருங்க, இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேப்பாங்க. பேப்பர்ல வரும். அந்த அம்மா பாப்பாங்க. துண்டு போட்டாங்கல்ல? அதுக்கப்பறம் எப்படிங்க அவங்க மூஞ்சியில முழிக்கறது? உங்ககிட்டத்தான் முதல்முதலாச் சொல்றேன். போன மாசம் ஈரோட்டு பஸ்ஸுல ஒருத்தர்கிட்டச் சொல்ல ஆரம்பிச்சேன், அவரு பாதியிலயே தூங்கிட்டாரு.

கடக்கரையில இருந்து வந்து ஒரு வாரத்துல நவீனா அடுத்த குண்டைப் போட்டாளுங்க. கரஸ்பாண்டண்ட் பயாலஜி குரூப்புல அவளுக்கு முதல் சீட்டு எழுதி வெச்சிருக்காரு. இவ, "எனக்கு வரலாறு, புவியியல் இருக்கற குரூப்பு வேணும், கவர்ன்மென்ட் கேர்ள்ஸ் ஸ்கூல்ல இருக்குது, அங்க போறேன்"ங்கறா. நானூத்தித் தொண்ணூத்தொம்பது எடுத்துட்டு வரலாறு! நான் கத்துன கத்துல பக்கத்து ஊட்டுக்காரங்க கதவைச் சாத்திட்டாங்க. மூணு நாளு நான் அவகூடப் பேசலை. தெய்வானை எங்கூடப் பேசலை, காலையில இருந்து மிக்ஸியைச் சும்மாவே ஓட விட்டா. நாலாவது நாள் நானே யோசிச்சேன். என் ஆபீஸ் சுவத்துல மேப்பு இருக்குதில்ல? சின்ன வயசுல இருந்து அதைப் பாத்து வளந்தவ. அப்ப அந்த ஆசை எங்கிட்ட இருந்து வந்ததுதானே? என் யோசனையைத்தானே அவ சொல்றா? சரின்னுட்டேன். யாராவது கேட்டா, நாந்தான் சேத்துவிட்டேன்னு சொல்லுவேன்.

பிரின்சியும் இவளும் வாரத்துக்கு ஒருக்கா போன்ல பேசிக்குவாங்க. உண்மையான மார்க்கை இவ முதல் வாரத்துலயே பிரின்சிகிட்டச் சொல்லிட்டாளாம். அந்தப் புள்ளை ரெண்டு நாள் கோவிச்சுக்கிட்டு, மூணாம் நாள் கூப்பிட்டு, "இருந்தாலும் எறிபந்துல நீ ஜீரோதான்"னுச்சாம். பெத்தவங்ககிட்ட மட்டும் சொல்லலை. செல்வராணியம்மா மாசத்துக்கு ஒருக்கா எனக்குப் போன் பண்ணி, "அண்ணே, படி படின்னு பிள்ளைய வையாதீக, முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது எடுத்த பிள்ளை, எப்படியும் தேறிரும்"னு தைரியம் சொல்லுவாங்க. எனக்கு! நானும், "வையலைங்கம்மா, வையலைங்க"ன்னு சொல்லுவேன். கருவாடு அனுப்பி வெப்பாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சுப் பன்னெண்டாவது ரிசல்ட்டு வந்துதுங்க. ஐநூத்தி அம்பத்திரெண்டு. அறுநூறுக்கு. தப்பில்லைங்க. ஆனா மச்சான் போன் பண்ணி, "பத்தாவதுல அவ்வளவு எடுத்த புள்ளை, என்னாச்சு மாமா?"ன்னுட்டான். நான் வாசல்ல சேர் போட்டு ஒரு மாதிரியா உக்காந்திருந்தேன். அப்ப மறுபடியும் போனு. செல்வராணியம்மா.

"அண்ணே, எங்க பிள்ளை பாஸு! உங்க பிள்ளை?"

"பாஸுங்கம்மா."

"எம்புட்டுண்ணே?"

ஐநூத்தின்னு நாக்கு நுனிக்கு வந்துருச்சுங்க. என்னன்னு தெரியலை, "பிரின்சி எவ்வளவுங்கம்மா?"ன்னு திருப்பிக் கேட்டுட்டேன்.

"நானூத்தி முப்பத்தொண்ணு!"

அந்தப் பக்கம் ஆளுங்க பேசற சத்தம், சிரிக்கற சத்தம். ஊடு நெறைய ஆளு இருக்கற மாதிரி கேக்குது. எல்லாரும் நான் சொல்றதுக்காகக் காத்துட்டு இருக்காங்க.

"நம்ம பொண்ணும் அதேதானுங்கம்மா. நானூத்தி முப்பத்தொண்ணு"ன்னேன்.

போனைக் காதுல வெக்க முடியலைங்க, அப்படி ஒரு கூச்சல். "மறுபடியும் ஒரே மார்க்கு! மறுபடியும் ஒரே மார்க்கு!"ன்னு அந்த அம்மா ஊருக்கே கத்திச் சொல்றாங்க. நானும் சிரிச்சுட்டேன். ஒரு மரியாதைக்குத்தாங்க சொன்னேன், வேறெதுக்கும் இல்லை. மார்க்கு விசயத்துல நான் ரொம்பக் கறார்.

போனை வெச்சுட்டுத் திரும்பறேன், நவீனா கதவு நெலையைப் பிடிச்சுட்டு நிக்கறா. எல்லாத்தையும் கேட்டுட்டாளாட்டம் இருக்குது. கண்ணெல்லாம் தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு.

"நான் நூறுதாம்பா கொறைச்சேன். நீங்க நூத்தி இருபத்தொண்ணு"ங்கறா. "இதுல நீங்கதாம்பா ஸ்டேட் ஃபர்ஸ்ட்."